காய்தான் சாப்பாடு, பாஸ்தா துணைக்கு

செகண்ட் ஷிப்ட் முடித்து இரவு பத்தரை, பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பும் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். ஓசூரில், கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியிலும் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று தங்கியிருக்கிறீர்கள். ஓர் அறையில் திருவாரூர்ப் பெண்ணும் ஜார்க்கண்ட் பெண்ணும். அடுத்த அறையில் சித்தூர்ப் பையனும் மண்டியாப் பையனும். ஒருவருக்குச் சோறு உதிரியாக வேண்டும், இன்னொருவருக்குக் குழைய வேண்டும். சப்பாத்தி தேய்க்க அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பில்லை. பாஸ்தா உங்களில் யாருடைய ஊர்ச் சாப்பாடும் இல்லை. அதனாலேயே அதைச் செய்யும்போது "எங்கள் வீட்டில் இப்படியில்லை" என்ற சண்டை வருவதில்லை.

ஆனால் நீங்கள் செய்கிற விதத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குடைமிளகாயும் கேரட்டும் பீன்ஸும் தக்காளியும் வண்டி வண்டியாகப் போகிற ஊரில் இருந்துகொண்டு, குழைந்த மக்ரோனியின்மேல் பாட்டில் சாஸை ஊற்றிச் சாப்பிடுகிறீர்கள். இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், அதுவும் அலங்காரத்துக்கு. அதை மாற்றத்தான் இந்த அறிவுரைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் ஆறையும் முதலில் பழகுங்கள்.

1. கதவைத் திறந்ததும் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். யூனிஃபார்ம் மாற்றுவது, முகம் கழுவுவது, வீட்டுக்குப் போன் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு லிட்டர் கொதிக்க எப்படியும் எட்டு, பத்து நிமிடம் பிடிக்கும். மூடி போட்டால் கொஞ்சம் சீக்கிரம். பாஸ்தா வேக இன்னொரு பத்துப் பன்னிரண்டு நிமிடம். இந்த இருபது நிமிடத்துக்குள் காய் நறுக்கவும் வதக்கவும் முடிந்துவிடும். தண்ணீரைக் கடைசியில் வைப்பவருக்கு இதே சமையல் முக்கால் மணி நேரம் இழுக்கும். கைவேகம் யாருக்கும் ஒரே நாளில் வராது, வேலைகளை வரிசைப்படுத்துவது இன்றைக்கே வரும்.

2. ஆளுக்கு 75 கிராம் பாஸ்தா, 200 கிராம் காய். தராசு இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள்: மூன்று பேருக்கு அரைக்கிலோ பாக்கெட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. காய்ந்து கிடக்கும்போது கொஞ்சமாகத்தான் தெரியும். வெந்தால் எடை இரட்டிப்புக்கும் மேலாகும். இத்தாலிக்காரர்கள் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் போடுவார்கள், ஆனால் அவர்கள் காயைக் கொஞ்சமாகவே சேர்ப்பார்கள். நமக்கு வேண்டியது காய்ச் சாப்பாடு, பாஸ்தா அதற்குத் துணை. நறுக்கிய காய் தட்டில் குவியும்போது "இவ்வளவா?" என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் இன்னொரு கேரட்டை எடுங்கள்.

3. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் திருப்பி எதனால் செய்தது என்று படியுங்கள். 'டூரம் கோதுமை ரவை' என்றிருந்தால் வாங்கலாம். மைதா என்றிருந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். டூரம் கெட்டியான, மஞ்சள் சாயல் உள்ள கோதுமை. அதன் புரதம் மாவுச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வெந்த பிறகும் உருவம் கலையாது. மைதா பாஸ்தா ஒரு நிமிடம் கூடினாலும் கூழாகிவிடும், தண்ணீரும் பசையாகிவிடும். நாம் உப்புமாவுக்கு வாங்குகிற சம்பா கோதுமை டூரத்துக்கு நெருங்கிய சொந்தம். நம் நாட்டில் டூரம் அதிகம் விளைவது மத்தியப் பிரதேசத்தின் மால்வா பக்கம். ஆகையால் வெளிநாட்டுப் பாக்கெட்டைத் தேடி மாலுக்குப் போக வேண்டாம்.

வடிவத்தில் பென்னே, சுருள் சுருளான ஃபுசில்லி, வளைந்த மக்ரோனி ஆகிய மூன்றும் காயோடு ஒத்துப்போகும். ஸ்பகெட்டி நீளமானது. காய் அடியில் தங்கிவிடும், நூல் மட்டும் கரண்டியில் வரும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. உப்பைத் தண்ணீரிலேயே போடுங்கள். வெந்தபின் மேலே தூவினால் நாக்கில் உப்பு தெரியும், பாஸ்தாவுக்குள் சப்பென்று இருக்கும். இத்தாலியக் கணக்கு லிட்டருக்குப் பத்துக் கிராம். நாம் காயிலும் உப்புச் சேர்க்கிறவர்கள், நமக்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். கல்லுப்பானால் தாராளமாக ஒரு டீஸ்பூன். உப்பு போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த அளவு உப்பால் வரும் வித்தியாசம் ஒரு டிகிரியில் சின்னப் பங்குதான். உப்பு ருசிக்காகத்தான்.

5. கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது மேலே மிதக்கும், வடிக்கும்போது சாக்கடைக்குப் போகும். ஒட்டாமல் இருக்க ஒரே வழி, போட்ட முதல் இரண்டு நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறுவது. மேல்மாவு இளகிப் பசையாகும் நேரம் அதுதான். அதைத் தாண்டிவிட்டால் நடுநடுவே ஒரு கிளறு போதும்.

6. பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை ஓசூரில் அப்படியே நம்பாதீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. அடுப்பை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் இந்தச் சூடு ஏறாது, தண்ணீர் சீக்கிரம் ஆவியாவதுதான் மிச்சம். பாக்கெட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்து எழுதியவர்கள். அதனால் 'பத்து நிமிடம்' என்றிருந்தால் இங்கே பதினொன்று, பன்னிரண்டு ஆகும். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கிவிட்டால் அந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும்.

கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள். எட்டாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊதிக் கடித்துப் பாருங்கள். குறுக்கே வெட்டினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும்போது இறக்க வேண்டும். மீதி வேக்காடு வாணலியில் காயோடு சேரும்போது நடக்கும். பானையிலேயே முழுதாக வெந்தது வாணலியில் குழைந்துவிடும்.

7. ஐந்து கிலோ சின்ன சிலிண்டரை வைத்துக்கொண்டு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க மனம் வராது, தெரியும். சமையலின் அறிவியலை எழுதுகிற அமெரிக்க எழுத்தாளர் ஹரால்டு மெக்கீ 2009இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாஸ்தாவை ஒன்றரை, இரண்டு லிட்டருக்குள், அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பேற்றினாலும் வேகிறது, அடிக்கடி கிளறினால் போதும் என்று செய்து பார்த்துச் சொன்னார். இத்தாலியப் பாட்டிமார் ஏற்க மாட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. கேஸ் மிச்சம், வடித்த நீரும் கெட்டியாகக் கிடைக்கும். தண்ணீரைக் குறைத்தால் உப்பையும் அதே கணக்கில் குறையுங்கள். ஆனால் பாஸ்தாவையே முதல் தடவை சமைக்கிறவர்கள் நிறையத் தண்ணீரிலேயே தொடங்குங்கள். அதில் தப்பு நடக்க வழி குறைவு.

8. குக்கரில் வைக்காதீர்கள். மாவு நுரைத்துப் பொங்கி வெயிட்டுக்குக் கீழே உள்ள ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

9. இனி காய். எங்கே வாங்குவது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிச் சமையல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் ஓசூர்ச் சந்தை பெரிய சந்தைகளில் ஒன்று. தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பக்கத்து விவசாயிகள் விடியற்காலையிலேயே காயோடு வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் நல்ல சரக்கு தீர்ந்துவிடும். ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்களால் இதற்குப் போக முடியாது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் பையையும் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அவர் வரும் வழியில் வாங்கி வந்து வைத்துவிட்டுத் தூங்கட்டும். அறையில் இப்படி ஓர் ஏற்பாடு வந்துவிட்டால் மாலையில் வாடிய கேரட்டுக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை.

பாலிஹவுஸ்களில் விளையும் சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் இங்கே கிடைக்கும். அதை வாங்கத்தான் வேண்டுமா என்றால், கையில் காசிருந்தால் வாங்குங்கள். பழுத்த குடைமிளகாய் இனிப்பாக இருக்கும், பச்சையில் லேசான கசப்பு இருக்கும், அவ்வளவுதான். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பச்சைக் குடைமிளகாய் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் போதும். ஐந்தாறு வகை வாங்கி ஒவ்வொன்றிலும் கால்வாசி அழுக விடாதீர்கள்.

கீரை சேர்ப்பதானால் எங்கே விளைந்தது என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நந்திமலையில் பிறந்து பெங்களூருப் பக்கம் வழியாக வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெள்ளை நுரையைத் தள்ளிக்கொண்டு போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சில நாள் நாற்றம் சாலைவரை வரும். மழைத் தண்ணீரின் நுரையா அது? மேலே ஊர்களிலும் ஆலைகளிலும் இருந்து கலக்கிற கழிவு. கீரையைக் கழுவினால் மண் போகும். தண்ணீரோடு உள்ளே போனது போகுமா என்பது வேறு கேள்வி. கிணற்றுப் பாசனக் கீரை என்று தெரிந்தால் வாங்குங்கள்.

10. நறுக்குவதில் ஒரே விதிதான்: காய்த்துண்டு பாஸ்தாவின் அளவுக்கு இருக்க வேண்டும். பென்னே என்றால் விரல்நீளக் குச்சிகள், பீன்ஸைச் சாய்வாக வெட்டுங்கள். மக்ரோனி என்றால் சின்னச் சதுரம். ஒரு கரண்டியில் இரண்டும் சேர்ந்து வருவதற்காகத்தான் இந்த அளவு.

எதை எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கேரட்டும் பீன்ஸும் வேக நேரம் பிடிக்கும். அவற்றை வதக்கிக் கொண்டிருக்காமல், பாஸ்தா வேகும் பாத்திரத்திலேயே கடைசி நான்கு நிமிடத்தில் போட்டுவிடுங்கள். சேர்ந்தே வெந்து, சேர்ந்தே வடியும். உப்பும் உள்ளே ஏறியிருக்கும். குடைமிளகாயும் கோஸும் வாணலிக்குரியவை. பெரிய தீயில் இரண்டு நிமிடம், கிளறிக்கொண்டே. நறுக்கென்று இருக்கும்போதே நிறுத்த வேண்டும். மூடி வைத்தால் தண்ணீர் விட்டுப் பொரியலாகிவிடும். உறைந்த பட்டாணியானால் கடைசி ஒரு நிமிடம் போதும்.

இன்டக்ஷன் அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது என்பவர்கள் முதலில் வாணலி வேலையை முடித்து இறக்கி வைத்துவிட்டுப் பாஸ்தாவை வேக வையுங்கள். ஒரே பிளக்கில் இரண்டு அடுப்பு மாட்டி ஃபியூஸைப் போக்காதீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு வீட்டுக்காரரை எழுப்ப நேரும்.

11. சாஸ் தக்காளியில் செய்யுங்கள். ராயக்கோட்டைத் தக்காளி வெளிமாநிலம்வரை போகிறது. சில மாதம் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கிடைக்காமல் சாலையோரம் கொட்டுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பாட்டில் சாஸுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தாலிக்காரர்களுக்கே தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதான். பாஸ்தாவில் தக்காளிச் சாஸ் ஊற்றும் பழக்கம் அங்கே ஏட்டில் ஏறியதே வெகு பிற்காலத்தில்தான். அதற்கு முன் பல நூறு வருடம் தக்காளி இல்லாமல்தான் சாப்பிட்டார்கள்.

மூன்று பேருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி நான்கைந்து. மிக்ஸியைப் போட்டுப் பக்கத்து அறையை எழுப்ப வேண்டாம். தக்காளியைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேயுங்கள். சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். இரண்டு நிமிட வேலை. நாட்டுத் தக்காளியானால் புளிப்புத் தூக்கும். அரை டீஸ்பூன் சர்க்கரை சேருங்கள், அல்லது துருவிய கேரட் கொஞ்சம்.

12. வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எதுவானாலும் சரி. ஆலிவ் எண்ணெய் இல்லை என்று இதைச் செய்யாமல் விடாதீர்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே, நறுக்கிய பூண்டு ஆறேழு பல்லைப் போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். வாசனை வரும்; நிறம் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கசக்கும். நடுவில் கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு. பிறகு ஒரு வெங்காயம், துருவிய தக்காளி, கொஞ்சம் உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை, அதாவது ஏழெட்டு நிமிடம், கொதிக்கட்டும். குடைமிளகாயையும் கோஸையும் இதற்கு முன்பே தனியாக வதக்கித் தட்டில் எடுத்து வைத்திருப்பது நல்லது. தக்காளியோடு போட்டால் நறுக்குத்தன்மை போய்விடும்.

ஆரிகானோ பொட்டலம் பீட்சா டப்பாவோடு வந்தது இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் வாசலில் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஆரிகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் என்னும் எண்ணெய்ப்பொருள் இந்த இலையிலும் இருக்கிறது. சளிக்குக் கஷாயம் வைக்கிற இலையாயிற்றே என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறை கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். கர்நாடகத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை, அவர்கள் வீட்டில் இதில் தம்புளியே செய்வார்கள். இரண்டு இலைக்கு மேல் வேண்டாம். பேசிலுக்குப் பதிலாகத் துளசி போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கிராம்பு நெடி தூக்கிவிடும். கொத்தமல்லி போடுங்கள், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

13. வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர் நீரை மொண்டு வையுங்கள். எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அது வடிகஞ்சி, மாவுச்சத்து அதில்தான் இருக்கிறது. சாஸ் கொதிக்கும் வாணலியில் வடித்த பாஸ்தாவையும் கேரட், பீன்ஸையும் கொட்டி, இந்த நீரில் அரை டம்ளர் ஊற்றிப் பெரிய தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். தனியே நின்ற எண்ணெயும் தக்காளிச் சாறும் ஒன்றாகிக் கெட்டியாகப் பாஸ்தாவில் ஒட்டிக்கொள்ளும். கிரீம் எதுவும் வேண்டியதில்லை. வதக்கி வைத்த குடைமிளகாயும் கோஸும் இப்போதுதான் சேர வேண்டும். தட்டில் போட்ட பிறகு இறுகும், அதனால் வாணலியில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

வடித்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். சேமியாவை அலசிப் பழகிய கை அந்தப் பக்கம்தான் போகும். அலசினால் மேல்மாவு போய்விடும், சாஸ் வழுக்கிக்கொண்டு ஓடும்.

14. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மாவும் காயும் மட்டும் போதாது, புரதமும் வேண்டும். கார்த்திகை கடந்து பொங்கல்வரை இந்தப் பக்கம் அவரைக்காய்ச் சீசன். அதன் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம்பருப்பு, ஒரு கைப்பிடி வேகவைத்துச் சேருங்கள். இத்தாலியிலும் பயறும் பாஸ்தாவும் சேர்த்துச் செய்கிற ஏழை வீட்டுச் சாப்பாடு ஒன்று உண்டு, பாஸ்தா எ ஃபஜோலி என்று பெயர். நம் பருப்பு அதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. பிதுக்குகிற வேலையை ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடித்துவிடலாம். மற்ற மாதங்களில் ஊறவைத்த கொண்டைக்கடலை, பன்னீர், இல்லாவிட்டால் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை.

15. சீஸ் இருந்தால் துருவிப் போடுங்கள். இல்லாத வீட்டில் தென்னித்தாலிக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் பூண்டோடு பொன்னிறமாக வறுத்து மேலே தூவுவார்கள். மீந்துபோன பிரெட் ஓரங்களை வைத்து நீங்களும் செய்யலாம். மொறுமொறுவென்று, சீஸைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

16. மைதா, வெண்ணெய், பால் வைத்துக் கிண்டும் வெள்ளைச் சாஸ் விடுமுறை நாளைக்கு இருக்கட்டும். கட்டி விழாமல் கிண்டப் பொறுமை வேண்டும், செகண்ட் ஷிப்ட் முடித்த கைக்கு அது இருக்காது.

17. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மிச்சம் வைக்காதீர்கள். ஓசூர்க் குளிரில் கெடாது என்று நினைக்க வேண்டாம், நம் இரவுக் குளிர் ஃபிரிட்ஜ் குளிர் அல்ல. ஃபிரிட்ஜ் இருந்தால் ஆறியதும் மூடி உள்ளே வைத்து, மறுநாள் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கி டப்பாவில் எடுத்துப் போங்கள். நைட் ஷிப்ட்காரருக்குப் பங்கு வைப்பதானால் பாஸ்தாவைத் தனியாக, சாஸைத் தனியாக எடுத்து வையுங்கள். சேர்த்து வைத்தால் சாறு முழுவதையும் பாஸ்தா குடித்துவிடும். சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது. மற்றவர்கள் அன்றைக்கே பானையில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிடுங்கள், மாவு காய்ந்தால் காலையில் கம்பி நாரால் தேய்த்தாலும் லேசில் போகாது.